வலது பக்கத்துக் கட்டை

வெளியே எல்லோரும் கன்டெய்னர் என்பார்கள். யார்டில் அதற்குப் பொட்டி என்றுதான் பெயர். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் பொட்டி வரும். கதவில் போட்டிருக்கும் சீல் முத்திரையை அறுத்துத் திறந்து, உள்ளே இருப்பதை இறக்கிக் கிடங்கில் அடுக்குவோம். சில நாட்கள் இதையே தலைகீழாகச் செய்வோம். தகரத்தில் வெயில் ஏறியபின் உள்ளே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது, அதனால் ஆள் மாற்றி ஆள் போவோம். பூச்சி மருந்து அடித்துப் பூட்டிய பொட்டி என்றால் கதவைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் தள்ளி உட்கார வேண்டும் என்பது விதி. நாங்கள் கால் மணி நேரத்தில் உள்ளே போய்விடுவோம். கண் எரியும். அப்புறம் பழகிவிடும்.

மணலியைத் தாண்டி, சடையங்குப்பத்துக்குப் போகும் வழியில் இருந்தது அந்த யார்டு. மழைக்காலத்தில் கேட் வரை தண்ணீர் நிற்கும், அந்த நாட்களில் வேலை கிடையாது. நான் திருவொற்றியூரில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், திருப்பூரில் சாயப் பட்டறையில் நின்றேன், குஜராத்தில் கப்பல் உடைக்கிற கரையில் ஒரு மழைக்காலம் கிடந்தேன். வாங்கிய பல் பிரஷ் தேய்வதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறவன் நான். போன இடமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. விழுந்தவனைத் தாண்டிக்கொண்டு அடுத்தவன் நடப்பான், நானும் அப்படி நடந்திருக்கிறேன். இந்த யார்டில் மட்டும் ஒன்றரை வருஷம் இருந்தேன். ஏன் இருந்தேன் என்பதைச் சொன்னால்தான் நான் செய்தது என்ன என்பது புரியும்.

எங்கள் கேங்கில் எட்டுப் பேர். மேஸ்திரியைச் சேர்த்து ஏழு பேர் கையால் சரக்கு எடுப்பவர்கள். எட்டாவது ஆள் ஃபோர்க் வண்டி ஓட்டுபவர். கல்மண்டபத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. முன்னால் இரண்டு இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிற அந்த மஞ்சள் வண்டியை அவர் பொட்டிக்குள் செலுத்துவதைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். கண்ணாடிச் சரக்காக இருந்தாலும் ஒரு கீறல் விழாது.

அவருக்கு வலது கண் தெரியாது. சர்க்கரை. முதலில் மங்கியது, அப்புறம் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, நான் சேர்ந்தபோது அதுவும் போய்விட்டிருந்தது. இது கேங்குக்கு மட்டுமே தெரியும். நான் சேர்ந்த மூன்றாம் நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, சரக்கு நகராமல் அடியில் செருகும் மரக்கட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"அண்ணாத்தைக்கு ரைட் சைடுல நில்லு. எடம் இருந்தா ரெண்டு தட்டு. இல்லன்னா தட்டிக்கினே இரு, வண்டி நிக்கிற வரிக்கும். வேற ஒண்ணும் கேக்காத."

"அவருக்கு இன்னா, கண்ணு தெரியாதா?"

"ஒண்ணும் கேக்காதன்னு சொன்னனா இல்லியா?"

பொட்டி வாசலில் நின்று தகரச் சுவரில் கட்டையால் தட்டினால் உள்ளே நன்றாகக் கேட்கும். டக் டக் என்றால் வா. நிறுத்தாமல் தட்டினால் நில். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லா யார்டிலும் இருக்கிற பழக்கம் போலத் தோன்றும். இதில் இன்னொன்றும் இருந்தது. கட்டை பிடித்து நிற்பவன் சரக்கு தூக்க வேண்டாம். அதனால் யாருக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லையோ அவன்தான் கட்டை பிடிப்பான். காய்ச்சலில் வந்தவன், முதுகு பிடித்துக்கொண்டவன், முதல் நாள் குடித்துவிட்டுக் கை நடுங்குகிறவன். காலையில் டீக்கடையில் ஒருத்தன் முகத்தைப் பார்த்தாலே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். "இன்னிக்கி நீ கட்டை" என்பார். முதுகு மோசமான ஒருவன் எங்களில் இருந்தான். மாதத்தில் பாதி நாள் அவன்தான் கட்டை. அவன் அதைச் சொல்லிக் கூச்சப்பட்டதில்லை, நாங்களும் குத்திக்காட்டியதில்லை.

ஒரு கண் இல்லாதவரை முதுகு இல்லாதவன் காப்பாற்றுவான். முதுகு இல்லாதவனை அந்தக் கண் காப்பாற்றும். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டி என்று கேட்டால், யார்டில் இருந்த நான்கு கேங்கில் நாங்கள்தான் முதல். அங்கே நான் தங்கியதற்கு இதுதான் காரணம். இப்படி ஓர் ஏற்பாட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அண்ணாத்தைக்கு ஒரே மகள். நர்சிங் இரண்டாம் வருஷம். சாப்பிடும்போது அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

"இன்னும் ஒரு வருசம் நைனா. அத்த முட்சிட்டான்னா, இந்த வண்டி சாவிய அந்தக் கூவத்துல வீசிட்டு வூட்ல குந்திடுவேன். அப்பால ரெண்டு கண்ணும் போனாக்கூட பேஜாரு இல்ல. வூட்லியே நர்சு கீது."

"உனக்கு ஊசி போடச் சொன்னா வேணும்னே மொட்ட ஊசியா பாத்து போடும் அண்ணாத்தே" என்பான் முதுகுக்காரன்.

அந்த ஒரு வருஷம்தான் எங்கள் எல்லோருக்கும் கணக்கு. அதுவரை கட்டை தட்டினால் போதும்.

யார்டைப் புதிதாக ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கியவுடன் கேட்டுக்கு வேறு பெயின்ட் அடித்தார்கள், கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். அது நல்ல விஷயம். அப்புறம் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்துவிட்டு வந்தவள். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட் அவள் தலைக்குப் பெரிதாக இருந்ததால் பேசும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வாள். ஏஜைல் என்று ஒரு முறை இருக்கிறது, சாஃப்ட்வேர்க்காரர்கள் அப்படித்தான் வேலை செய்கிறார்கள், இனி யார்டும் அப்படித்தான் என்றாள்.

கிடங்குச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. மூன்று கட்டம். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு கலர் சீட்டு. காலை எட்டரைக்கு வட்டமாக நின்றுகொண்டு ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், உனக்கு ஏதாவது தடங்கல் இருக்கிறதா.

முதல் நாள் மேஸ்திரி சொன்னார், "நேத்து பொட்டி காலி பண்ணேன் மேடம். இன்னிக்கி பொட்டி காலி பண்ணுவேன். தடங்கலு, இந்த மீட்டிங்கு தான்."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்தது மட்டும் இல்லை, அதை ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டினாள். மறுநாளிலிருந்து அந்தப் பதினைந்து நிமிடக் கூட்டம் ஏழு நிமிடம் ஆனது. நாங்கள் சொன்னதைக் கேட்டு ஆபீஸில் ஏதாவது மாறியது என்பதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். கையுறை சைஸ் சரியில்லை என்றான் ஒருத்தன். நான்காம் நாள் கையுறை வந்தது. பூச்சி மருந்துப் பொட்டிக்கு ஒரு மணி நேரம் நிஜமாகவே காத்திருக்க முடியாதா என்று நான் கேட்டேன். அதற்கு ஒரு சிவப்புச் சீட்டு போட்டு, மணி எழுதி ஒட்டிவிட்டாள். சீட்டு பச்சையாகும் வரை யாரும் கதவுக்குள் கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பலகையால் என் கண் எரிச்சல் நின்றது.

அவள் சொன்ன விதிகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. குழு சின்னதாக இருக்க வேண்டும். யார் எதைச் செய்வது என்று குழுவே முடிவு செய்ய வேண்டும், மேலே இருந்து யாரும் சொல்லக் கூடாது. வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று பேச வேண்டும். அங்கே சொன்னதற்காக யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது.

அவள் வருவதற்கு முன்பே முதல் இரண்டும் எங்களிடம் இருந்தன. மேஸ்திரி டீக்கடையில் முகம் பார்த்துச் செய்தது அதுதானே. மூன்றாவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. எல்லோர் கண்ணுக்கும் என்றால் யார் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை.

அந்த இரண்டு வாரக் கூட்டம் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கும். கிடங்குக்குள் ஃபேன் போட்டு, பிஸ்கட் வைத்து, பலகை முன்னால் உட்காருவோம். மூன்றாவது தடவை என்று நினைக்கிறேன். அந்த மாதம் எங்கள் கேங் மற்ற கேங்குகளைவிட நிறையப் பொட்டி முடித்திருந்தது, ஒரு சரக்குகூட உடையவில்லை.

"எப்படிண்ணா பண்றீங்க?" என்று கேட்டாள். "உங்ககிட்ட ஏதோ ஒண்ணு இருக்கு. மத்த டீமுக்கும் அதை நான் சொல்லணும். ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

"டீ நல்லா கீது மேடம்" என்றான் ஒருத்தன்.

"எங்க மேஸ்திரி மூஞ்சப் பாத்து பயந்துகினே வேல செய்றோம்" என்றான் முதுகுக்காரன்.

அப்படியே என் முறை வந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சீட்டும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொன்னாலும் எழுதத் தயாராகக் காத்திருந்தாள். என் பேச்சை யாரும் எழுதியதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒருமுறை எழுதினார்கள், அதுவும் நான் சொல்லாததை. வேறு காரணம் தேடினால் பொய்யாகும். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை ஊர் சுற்றி நான் கண்டுபிடித்த ஒரே நல்ல விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"எங்க அண்ணாத்தைக்கு வலது கண்ணு தெரியாது மேடம். அது கொறையா தெரியற மாரி நாங்க உட்டதே இல்ல. ஒருத்தன் ரைட்ல நின்னு கட்டை தட்டுவான். யாருக்கு ஒடம்பு முடியலியோ அவன் தட்டுவான். அதனால எவனும் லீவு போட மாட்டான். அதான் மேடம் எங்க டீமு."

அண்ணாத்தே எனக்கு இடது பக்கம், நான்காவதாக உட்கார்ந்திருந்தார். தலையை முழுவதும் திருப்பி, தெரிகிற கண்ணால் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சரக்கு சரிவதைப் பார்க்கும்போது இருக்குமே, அந்தப் பார்வை. மேஸ்திரி கையில் இருந்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதாண்ணா டீம்" என்று சொல்லிக் கைதட்டினாள். மஞ்சள் சீட்டில், ஒருவருக்கொருவர் குறையை நிரப்புகிறார்கள், வலது பக்கக் கட்டை என்று எழுதி ஒட்டினாள். எப்போதும் செய்வதுபோலப் பலகையை போனில் படம் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் போட்டாள்.

வெளியே வந்ததும் மேஸ்திரி என்னிடம் கேட்டார், "உனுக்கு இன்னா கொற வச்சோம் மாமு?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரி வந்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. அண்ணாத்தையின் தோளில் கைபோட்டு அழைத்துப் போய், கண் டெஸ்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "தண்டனை எல்லாம் கிடையாதுங்க. செக்கப் தான். நாளைக்கு ஒருத்தன் மேல வண்டி ஏறிச்சுன்னா யாருக்குப் பாவம்?" என்றார். ஒற்றைக் கண்ணோடு மூன்று டன் வண்டியை ஓட்ட விடுவது சரி என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்தவரை அவர் யார் மேலும் ஏற்றவில்லை என்று மட்டும்தான் சொல்வேன்.

டெஸ்டில் என்ன வரும் என்று தெரிந்ததுதான். புதன்கிழமை அவருடைய கேட் பாஸ் வேலை செய்யவில்லை. மிஷினில் வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். டிரெய்லர்கள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அவர் ஒதுங்கி நின்று, சாப்பாட்டுத் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

நாங்கள் அப்படியே விடவில்லை. யார் எதைச் செய்வது என்று குழுவே முடிவு செய்யலாம் என்று சொன்னார்கள் அல்லவா. வியாழன் காலை மேஸ்திரி பலகை முன்னால் போய் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நீதான எய்தப் படிக்கத் தெரிஞ்சவன். எய்து."

"இன்னா எய்தறது?"

"கட்டை பொறுக்கறது, கயிறு சுத்தறது, பொட்டி பெருக்கறது. மூணு சீட்டு. மூணுலயும் அண்ணாத்தே பேரு போடு."

எழுதினேன். மேஸ்திரியே அதை ஒட்டினார். செய்ய வேண்டியதில் இல்லை, செய்துகொண்டிருப்பதில். எட்டரை மணிக்கு வட்டமாக நின்றோம். அண்ணாத்தே நிற்கும் இடத்தைக் காலியாக விட்டோம். அந்தப் பெண் வந்து பலகையைப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"மேடம், டீமு முடிவு பண்ணிடுச்சு" என்றார் மேஸ்திரி. "வண்டி ஓட்ட வேணாம். எங்களோட இருக்கட்டும். அவரு வேலைய நாங்க பாத்துக்குறோம். பொட்டி ஒண்ணு கொறஞ்சா கேளுங்க."

அவள் ஆபீஸுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். யார் எந்த வேலை செய்வது என்பதைக் குழு முடிவு செய்யலாம், யார் குழுவில் இருப்பது என்பதைக் குழு முடிவு செய்ய முடியாதாம். சொல்லும்போது எங்கள் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. யார்டுக்கு ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரர் அவரை அனுப்பியது ஃபோர்க் ஓட்டுநராக, பெருக்குபவராக இல்லை. அதற்கு ஆள் எண்ணிக்கையில் இடம் இல்லை.

"நான் பேசிப் பார்த்தேண்ணா. ரொம்பப் பேசினேன்" என்றாள்.

"நீங்க எய்தாம இருந்திருந்தாலே போதும் மேடம்" என்றான் முதுகுக்காரன்.

மூன்று சீட்டையும் அவள்தான் பிரித்து எடுத்தாள். கசக்கிப் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அதை ஏன் இன்னும் நினைவு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

புதிய ஓட்டுநர் அடுத்த வாரம் வந்தான். இருபத்தாறு வயது, இரண்டு கண்ணும் நல்ல கண். அவனுக்குக் கட்டை தேவை இல்லை என்பதால் கட்டை பிடிப்பவனும் தேவை இல்லை என்று ஆபீஸில் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் சீட்டில்தான் எழுதியிருந்ததே. எங்களில் ஒருத்தனை வேறு யார்டுக்கு மாற்றினார்கள், எட்டுப் பேர் ஏழு ஆனோம். முதுகுக்காரன் தினமும் சரக்கு தூக்கினான். பதினோரு நாள் தூக்கினான். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. அவன் வீடு தண்டையார்பேட்டையில், நான் போய்ப் பார்த்தபோது பாயில் குப்புறப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பொட்டிக்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வண்டிக்கு முன்னால் ஆள் உயரத்துக்குச் சரக்கு இருந்தால் நல்ல கண்ணுக்கும் வலது பக்கம் தெரியாது. இது எங்களுக்கே அப்புறம்தான் புரிந்தது. கட்டை அண்ணாத்தைக்காக மட்டும் இருந்திருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, டைல்ஸ் பெட்டிகளை அடுக்கும்போது, மேஸ்திரியின் கை சரக்குக்கும் தகரத்துக்கும் நடுவே மாட்டியது. அவர் கத்தவில்லை. கத்தினால் வெளியே கேட்கும். "பின்னால எடு, பின்னால எடு" என்று சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார். நடுவிரல் மேல் கணுவரை நசுங்கியிருந்தது.

புதியவன் வண்டியிலிருந்து குதித்து வந்தான். "ஆபீஸ்ல சொல்லிடலாம் மேஸ்திரி. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவாங்க."

"இட்டுனு போவாங்க. திரும்பி இட்டுனு வர மாட்டாங்க" என்றார் மேஸ்திரி. அவருக்கும் ஐம்பத்திரண்டு வயது.

சுருதி தப்பாமல் ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம். யாரும் சொல்லித் தரவில்லை. ஒருத்தன் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஒருத்தன் தகரத்தில் இருந்த ரத்தத்தைக் கழுவினான், நான் என் துண்டைக் கிழித்து விரலைக் கட்டினேன். மேஸ்திரி வெளியே ஒரு கிளினிக்கில் போய்த் தைத்துக்கொண்டு, கதவில் மாட்டியது என்று சொன்னார். குழு தானாக முடிவு செய்து தானாக இயங்குவது என்பதை நான் அன்றைக்குத்தான் முழுமையாகப் பார்த்தேன்.

மறுநாள் எட்டரைக்கு வட்டமாக நின்றோம். மேஸ்திரி வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தார்.

"நேத்து டைல்ஸ் முட்சோம். இன்னிக்கி மிஷின் பார்ட்ஸ்."

"தடங்கல் ஏதாவது இருக்காண்ணா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

பாக்கெட் ஓரத்தில் பழுப்பாக ஓர் ஈரம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். முன்பு பேசியவன் நான்தானே. நான் பலகையைப் பார்த்தேன். முடிந்தது என்ற கட்டத்தில் சீட்டுகள் நிறைய இருந்தன. "ஓகேண்ணா" என்று அடுத்தவனிடம் போனாள். அவளும் எதையோ கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் டீ நன்றாக இருக்கிறது என்றோம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னோம். பலகைக்கு முன்னால் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. அந்த மாதக் கடைசியில் நான் நின்றுவிட்டேன். மேஸ்திரியிடம் சொன்னபோது, "எங்க போற" என்றுகூடக் கேட்கவில்லை. கட்டையைக் கொடுத்தவர் அவர்தான். அது கிடங்கு மூலையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போகலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

எண்ணூர் பக்கம் நிலக்கரி லாரிக்குத் தார்ப்பாய் கட்டினேன். அப்புறம் கொஞ்ச நாள் ஆந்திராவில். ஒரு வருஷம் கழித்து ராயபுரத்துக்கு வேறு வேலையாக வந்தபோது, கல்மண்டபத்தில் ஓர் ஐஸ் பேக்டரி கேட்டில் அண்ணாத்தே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வாட்ச்மேன் சட்டை தோளில் தொங்கியது. இளைத்திருந்தார். நான் அவர் வலது பக்கத்திலிருந்து வந்ததால் என்னைப் பார்க்கவில்லை. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம்.

"அண்ணாத்தே" என்றேன்.

தலையைத் திருப்பினார். "ஆரு? நீயா. எங்க நைனா ஒரே சுத்தலா?"

"ஆமா. ஒடம்பு எப்டி கீது?"

"கீது. இந்தக் கண்ணுலயும் இப்ப பனி மாரி ஏதோ."

எதிர்ப்பக்கக் கடையில் டீ குடிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். எழுந்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பாப்பா முட்சிடுச்சா?"

"வண்ணாரப்பேட்டையில துணிக்கடைக்குப் போவுது. காலைல பத்துலேர்ந்து நின்னுகினே வேல. ரெண்டாவது வருசத்தோட நிறுத்திக்கிச்சு." சட்டையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "நான் சொல்லல. அதுவே நிறுத்திக்கிச்சு" என்றார்.

ரோட்டின் விளிம்புக்கு வந்தோம். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வலது பக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, எல்லாவற்றின் மேலும் பொட்டி. நான் யோசிக்காமல் அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். கால் தானாகப் போய்விட்டது. ஒன்றரை வருஷப் பழக்கம்.

அவர் நின்றுவிட்டார். என் கையைத் தொட்டு, மெதுவாக, திட்டுகிற குரலில் இல்லாமல் சொன்னார்.

"நீ லெப்ட்ல வா நைனா. இந்தப் பக்கம் நானே பாத்துக்குறேன்."

நான் பின்னால் சுற்றி இடது பக்கம் வந்தேன். அவர் மோவாய் தோளைத் தொடும் அளவுக்குக் கழுத்தை வலது பக்கம் திருப்பி, மிச்சம் இருந்த அந்தப் பனி விழுந்த கண்ணால் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு வண்டிகள் போயின. ஐந்தாவதற்கு முன்னால் இடைவெளி இருந்தது, எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவர் அதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததற்காகக் காத்திருந்தார்.